ஆறவிடாத குழாய்

லிந்துலையில் எங்கள் தோட்டத்து ஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், குழாய் வெடித்தால் என்னைத்தான் கூப்பிடுவார்கள். வாட்டிய கொழுந்து குவிந்து கிடக்கும். ஸ்டோரை நடத்தும் டீமேக்கர் பக்கத்தில் நின்று கத்துவார். வெல்டிங் அடித்த கையோடு ஒரு வாளித் தண்ணீரை ஊற்றிவிட்டு மெஷினை ஓடவிடுவேன். மெல்லிய குழாய், பொறுத்துக்கொண்டது. பதினோரு வருடம் இப்படியே போனது.

மகளுக்கு நான்கு வயதானபோது, லயத்துக் காம்பிராவை, அந்த ஒற்றை அறையை, விட்டு ஒரு வீடு கட்ட யாராவது ஒருவர் வெளிநாடு போயே ஆகவேண்டும் என்று முடிவானது. நான் வெல்டிங் பரீட்சையில் தேறினால் நான். தவறினால் வீட்டு வேலைக்கு என் மனைவி.

"நீங்களே போயிருங்க. புள்ளைய விட்டுட்டு என்னால இருக்க முடியாதுங்க" என்றாள்.

கொழும்பில் பரீட்சைக்குத் தடித்த நீராவிக் குழாயைக் கொடுத்தார்கள். முதலில் சூடாக்க வேண்டும். ஒட்டியதும் தடித்த துணியால் சுற்றி மெதுவாக ஆறவிட வேண்டும். பிறகு மறுபடி சூடேற்றி, அந்தச் சூட்டிலேயே நெடுநேரம் வைத்து, இரும்புக்குள் இருக்கும் இறுக்கத்தைத் தளர்த்த வேண்டும். சட்டென்று குளிர்ந்தால் இரும்பு விறைத்து வெடித்துவிடும். பஸ்ஸில் வழிநெடுக இதையே சொல்லிக்கொண்டு போயிருந்தேன்.

ஒட்டு அழகாக விழுந்தது. பரீட்சை வைத்தவரே தலையாட்டினார். துணியை எடுக்கத் திரும்பினேன். காலடியில் ஒரு தண்ணீர் வாளி இருந்தது. பாழாய்ப்போன கை, அதைத் தூக்கி ஊற்றிவிட்டது. 'டிக்' என்று ஒரு சத்தம். அவர் சிங்களத்தில், "ஐயோ மல்லி" என்றார். தம்பி என்று அப்படி இரக்கமாகக் கூப்பிட்டதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

வீட்டில் சொன்னதும் அவள் முதலில் சிரித்தாள். "ஆக்கப் பொறுத்தீங்க, ஆறப் பொறுக்க முடியலையா?" என்றாள். பிறகு அடுப்படியில் உட்கார்ந்து அழுதாள். நானும் அழுதேன்.

அவள் வெளிநாடு போய் இரண்டு வருடமாகிறது. இப்போது மெதுவாக ஆறவிடத் தேவையில்லாத மெல்லிய குழாயைக்கூடச் சாம்பலில் புதைத்துவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறேன். "என்னய்யா, அதுக்குத் தாலாட்டுப் பாடுறியா?" என்று டீமேக்கர் திட்டுகிறார். அன்றைக்கு இருந்திருக்க வேண்டிய பொறுமை.

நேற்று போனில் அவள் முகம் வந்தது. மகள் என் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு, "நீங்களே பேசுங்கப்பா" என்றாள். எனக்கு ஆத்திரம் வந்தது. கையைப் பிடித்து முன்னால் இழுத்தேன்.

"விடுங்க, அவசரப்படுத்தாதீங்க. அவளா வரட்டும்" என்றாள் மனைவி.

போனைப் பிடித்தபடி இருவரும் காத்திருந்தோம். மகள் வரவில்லை.