பாகூர், பகல் ஒரு மணி

"அண்ணா, மதியம் ஒரு மணிக்கு ஸ்க்ரீன் ஓரத்துல ஒரு சின்னப் பொட்டி வருமே, ரெண்டு நாளா அது வரலை" என்று பாகூரிலிருந்து சிஸ்டர் போன் செய்தபோது நான் வில்லியனூரில் ஒரு பிரிண்டரைப் பிரித்துப் போட்டுக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தேன். விரலெல்லாம் மை. போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு, "அது பின்னாடி ஓடிக்கிட்டுதான் இருக்கும் சிஸ்டர். புது வெர்ஷன் போட்டிருக்கேன், அதுல மெசேஜ் வராது போல" என்றேன். "அப்டியாண்ணா, சரி" என்று வைத்துவிட்டார். அரை நிமிடம்கூடப் பேசியிருக்க மாட்டோம். எழுந்து நாலு எட்டு நடந்து என் மேசைக்குப் போயிருந்தால் பார்த்திருக்கலாம். பிரிண்டருக்குத் திரும்பினேன்.

அப்போது நான் ஓர் அறக்கட்டளை நடத்திய மருத்துவமனையில் கம்ப்யூட்டர் பிரிவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிரிவு என்றால் நான் ஒருவன்தான். வில்லியனூரில் பெரிய ஆஸ்பத்திரி, பாகூரிலும் நெட்டப்பாக்கத்திலும் இன்னும் இரண்டு ஊர்களிலும் கிளைகள். பாகூர்க் கிளையில் ஆறு டயாலிசிஸ் மெஷின்கள் இருந்தன. அவற்றை ஓட்டிய டெக்னீஷியன்தான் நான் சொல்லும் சிஸ்டர். அவர் நர்ஸ் இல்லை. ஆனால் வெள்ளைக் கோட்டுப் போட்ட பெண்கள் எல்லாரும் அங்கே சிஸ்டர்தான். என்னைவிட இரண்டு மூன்று வயது சின்னவர். நோயாளியை எடை மெஷினில் நிறுத்தி, எண்ணைச் சத்தமாகச் சொல்லிவிட்டுத்தான் எழுதுவார். "உங்க வெயிட்டு உங்களுக்குத் தெரியணும்ல" என்பார். மத்தியானச் சாப்பாட்டையும் கம்ப்யூட்டர் முன்னாலேயே முடித்துக்கொள்வார், அங்கிருந்து பார்த்தால் ஆறு கட்டிலும் தெரியும் என்று. அதனால்தான் ஒரு மணிக்கு வரும் அந்தச் சின்ன அறிவிப்பு உலகத்திலேயே அவர் ஒருவர் கண்ணில் மட்டும் தினமும் பட்டது.

அந்த அறிவிப்பு வரும்படி செய்தவன் நான். அதற்கு முன்பெல்லாம் சனிக்கிழமை தோறும் பாகூர்ப் பதிவுகளை ஒரு பென் டிரைவில் ஏற்றி ஆம்புலன்ஸ் டிரைவரிடம் கொடுத்தனுப்புவார்கள். ஒரு முறை அது அவர் சட்டைப்பையோடு வாஷிங் மெஷினுக்குப் போய்வந்தது. அதன் பிறகுதான் நிர்வாகம் நகல் எடுக்கும் மென்பொருளை வாங்கியது. கிளையில் பதிவாகும் ஒவ்வொன்றும், யாரும் கை வைக்காமல், குறித்த நேரத்தில் வில்லியனூர் சர்வருக்கு வந்து சேரும். நான் பாகூருக்கு நேரில் போய் அதை அமைத்தேன். மென்பொருளில் ‘புது வேலை’ என்ற பொத்தானை அழுத்தி, "பாகூர் ஒரு மணி" என்று பெயர் கொடுத்து, எங்கிருந்து எங்கே என்று சொல்லி, ஞாயிறு தவிர மற்ற நாட்களுக்கு டிக் போட்டு, நேரத்தை 13:00 என்று வைத்தேன். ஓடும்போது திரை ஓரத்தில் ஓர் அறிவிப்பு வரும். லைன் கிடைக்காவிட்டால் பத்து நிமிடத்துக்கு ஒரு தரம் மூன்று முறை முயலச் சொன்னேன். ராத்திரி வைக்க முடியாது. கடைசி நோயாளி கிளம்பியதும் அங்கே மெயின் சுவிட்சையே அணைத்துவிடுவார்கள். பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்த சிஸ்டர், "அப்போ நான் சாப்புடுறப்போ அது வேலை செய்யும்" என்று சிரித்தார்.

ஒன்றரை வருடம் அது ஒழுங்காக ஓடியது. பிறகு புது வெர்ஷன் வந்தது. அதைப் போடுவதற்கு முன் நேரம் குறித்துவைத்த எல்லா வேலைகளையும் நிறுத்திவைக்க வேண்டும், போட்டு முடித்த பின் ஒவ்வொன்றையும் திரும்பச் செயலுக்குக் கொண்டுவர வேண்டும். நிறுத்துவதற்கு ஒரே பொத்தான் இருந்தது. எழுப்புவதற்குத் தனித்தனியாக டிக் போட வேண்டும். திரையில் தெரிந்தவற்றுக்கெல்லாம் போட்டேன். "பாகூர் ஒரு மணி" பட்டியலின் அடியில், கொஞ்சம் கீழே உருட்டினால்தான் தெரியும் இடத்தில் இருந்தது. நான் உருட்டவில்லை. தினமும் காலையில் ஓர் அறிக்கை வரும். தோற்றுப்போன வேலைகளை மட்டும் சிவப்பில் காட்டும். நிறுத்திவைத்த வேலை ஓடவே இல்லை, அதனால் தோற்கவும் இல்லை. அறிக்கை தினமும் சுத்தமாக வந்தது. அதைப் பார்த்துவிட்டு நான் டீ குடிக்கப் போவேன்.

புது வெர்ஷன் போட்ட பத்தொன்பதாம் நாள் பாகூரில் தண்ணீர் வந்தது. நாலு நாள் விடாத மழை. ஏரி நிரம்பி, வாய்க்கால் உடைத்துக்கொண்டு, விடிந்து பார்த்தால் கிளைக்குள் முழங்காலுக்கு மேல் தண்ணீர். தரையில் வைத்திருந்த கம்ப்யூட்டர் மூழ்கியது. கீழ்த்தட்டில் அடுக்கியிருந்த பேப்பர் சார்ட்டுகள் கூழாயின. டயாலிசிஸ் நோயாளிகளுக்கு மழை என்று காத்திருக்க முடியாது. ஒரு முறை தள்ளினாலே மூச்சு முட்டும். அன்றைக்கு முறை வைத்திருந்த பதினோரு பேரை டிராக்டரில் ஏற்றி, கரிக்கலாம்பாக்கம் வழியாக வில்லியனூருக்குக் கொண்டுவந்தார்கள். சிஸ்டரும் அதே டிராக்டரில் வந்தார். தங்கச்சி கல்யாணத்துக்காக நாலு நாள் லீவில் இருந்தவர், மருதாணி கலையாத கையோடு இறங்கினார்.

"எல்லாரோட பதிவும் இங்க இருக்கு" என்று நான் பெருமையாகச் சொல்லி நகலைத் திறந்தேன். சிஸ்டர் என் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தார். "இன்னாண்ணா இது, தேதி பழசா இருக்குது?" என்றார். அப்போதுதான் நானும் பார்த்தேன். பட்டியலை உருட்டினேன். அடியில் "பாகூர் ஒரு மணி" டிக் இல்லாமல் கிடந்தது. கிட்னி வேலை செய்யாதவர்கள் குடிக்கும் தண்ணீர் உடம்பிலேயே தங்கிவிடும், அதனால் அளந்துதான் குடிக்க வேண்டும். டயாலிசிஸில் ட்ரை வெயிட் என்று ஒன்று உண்டு. உடம்பில் தேங்கிய தண்ணீரெல்லாம் எடுத்த பிறகு ஒருவர் எத்தனை கிலோ இருக்க வேண்டும் என்று டாக்டர் குறிக்கும் அளவு. அதைப் பார்த்துத்தான் மெஷின் எவ்வளவு இழுக்க வேண்டும் என்று வைப்பார்கள். உடம்பு தேறினாலும் இளைத்தாலும் டாக்டர் அதை மாற்றுவார். பத்தொன்பது நாளில் யார் யாருக்கு மாறியது என்பது எங்கள் சர்வருக்குத் தெரியாது. சிஸ்டர் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "நான் சொல்றேன், நீங்க அடிங்க" என்றார். பதினோரு பேரையும் பெயர் சொல்லி, கண்ணை மூடி யோசித்து யோசித்துச் சொன்னார். மூன்று பேருக்கு எண் மாறியிருந்தது. ஆனால் அவர் லீவில் இருந்த நாலு நாளில் என்ன மாறியது என்று அவருக்கும் தெரியாது. அப்போது வேலை பார்த்த டெக்னீஷியன் பையன் பாகூர்ப் பக்கம் தண்ணீரில் மாட்டிக்கொண்டிருந்தான். போன் போகவில்லை.

அந்தப் பதினோரு பேரில் கரியமாணிக்கத்துப் பெரியவர் ஒருவர். கரும்பு போட்ட மனிதர். அவருடைய ட்ரை வெயிட் எங்கள் பதிவில் ஐம்பத்திரண்டு. அன்றைக்கு எடை மெஷின் ஐம்பத்தைந்தரை காட்டியது. மூன்றரை கிலோ தண்ணீரா என்று டியூட்டி நர்ஸ் சத்தம் போட்டார். "இவ்ளோ தண்ணி குடிச்சா எப்படிப் பெரியவரே?" பெரியவர், "நான் குடிக்கலம்மா, அளந்துதான் குடிச்சேன்" என்றார். "கம்ப்யூட்டர் பொய் சொல்லுமா?" என்றார் நர்ஸ். அங்கே நின்றிருந்த சிஸ்டரும், "நாலு நாள் நான் இல்லன்னா இப்படியா?" என்று கடிந்துகொண்டார். மூன்றரை லிட்டர் இழுக்கும்படி மெஷினை வைத்தார்கள். மூன்றாவது மணி நேரத்தில் அவருக்கு இரண்டு கெண்டைக்காலும் சுருட்டி இழுத்தன. "ஐயோ, காலு காலு" என்று அவர் கத்தியது கம்ப்யூட்டர் அறை வரைக்கும் கேட்டது. பிரஷர் விழுந்து கண் செருகியது. மெஷினை நிறுத்தி, காலைத் தூக்கிவைத்து, சலைன் ஏற்றி, அரைமணியில் மீட்டார்கள். கூடவே வந்து வெளியே நின்ற அவர் மனைவியிடம், "தண்ணி ஜாஸ்தி குடிச்சதால வந்தது, வீட்ல பாத்துக்கோங்கம்மா" என்று யாரோ சொன்னார்கள். அந்த அம்மாள் தலையில் அடித்துக்கொண்டார்.

தண்ணீர் வடிந்து ஐந்தாம் நாள் அந்தப் பையன் வந்து சேர்ந்தான். பெரியவர் பேச்சு வந்ததும், "அவருக்குப் பசி எடுத்து சதை போட்டிருக்குன்னு டாக்டர் அம்பத்திநாலா மாத்தினாரே, நான்தான் கம்ப்யூட்டர்ல ஏத்தினேன்" என்றான். சிஸ்டர் என்னைப் பார்த்தார். நான் மானிட்டரைப் பார்த்தேன். ஒன்றரை லிட்டர் எடுக்க வேண்டிய இடத்தில் மூன்றரை எடுக்கும்படி வைத்திருக்கிறோம். அவர் தண்ணீர் குடிக்கவில்லை.

நிர்வாகம் விளக்கம் கேட்டது. மழையால் இணையம் துண்டிக்கப்பட்டதால் நகல் தாமதமானது என்று நான் எழுதிக் கொடுத்தேன். பத்தொன்பது நாளில் மழை பெய்தது நாலு நாள்தான் என்பது யாருக்கும் உறைக்காது என்று நினைத்தேன். நிர்வாகி மேடத்துக்கு உறைத்தது. எங்கள் இருவரையும் கூப்பிட்டு உட்காரவைத்து, முதலில் சிஸ்டரிடம் கேட்டார்: "நகல் நின்னது உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?" சிஸ்டர் யோசிக்கவே இல்லை. "நின்னுபோச்சுன்னு தெரியாது மேடம். மெசேஜ் வரலைன்னு வெள்ளத்துக்குப் பதினேழு நாள் முன்னாடியே அண்ணனுக்குப் போன் பண்ணேன். ஓடுதுன்னு சொன்னாரு. பெரியவரை நானும்தான் திட்டினேன், அதையும் எழுதிக்கோங்க." மேடம் என் பக்கம் திரும்பினார். நான் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். எச்சரிக்கைக் கடிதம் வந்தது. வேலை போகவில்லை.

வெளியே வராந்தாவில் அவரை நிறுத்தி, "போன் பண்ணதை மட்டும் சொல்லாம விட்டிருக்கலாமே சிஸ்டர்?" என்று கேட்டேன். இன்றைக்கும் அந்தக் கேள்வியை நினைத்தால் கூசுகிறது. அவர் கோபப்படவில்லை. "சொல்லாம விட்டா, நாளைக்கு மறுபடி பொட்டி வரலைன்னு நான் போன் பண்றப்போ நீங்க எழுந்து போய்ப் பாப்பீங்களாண்ணா?" என்றார். ஒரு மாதம் வரைக்கும் வேலை விஷயம் தவிர அவரிடம் நான் பேசவில்லை. காட்டிக்கொடுத்துவிட்டார் என்ற எண்ணம் அவ்வளவு லேசில் போகவில்லை.

இப்போது நான் வேறு நிறுவனத்தில் இருக்கிறேன். நூற்றுக்கணக்கான வேலைகளுக்கு நேரம் குறிப்பதுதான் தொழில். எத்தனை வேலை ஓடியிருக்க வேண்டும், எத்தனை ஓடியது என்று எண்ணிப் பார்க்கவே தனியாக ஒரு வேலை வைத்திருக்கிறேன். சும்மா கிடப்பதும் அதில் சிவப்பில்தான் வரும். மறுமுனையில் உட்கார்ந்திருப்பவர் போன் செய்தால் எழுந்து போய்ப் பார்க்கிறேன். பெரும்பாலும் ஒன்றும் இருக்காது. பரவாயில்லை. சிஸ்டர் கல்யாணமாகிக் கடலூர்ப் பக்கம் போய்விட்டார். பொங்கலுக்கு ஒரு வாட்ஸ்அப் வரும், அவ்வளவுதான்.

ஆனால் நான் எழுத உட்கார்ந்தது அந்தக் கடிதத்தைப் பற்றியோ என் தொழிலைப் பற்றியோ அல்ல. பாகூர்க் கிளை மறுபடி திறந்து, வெள்ளம் வந்து இரண்டு மாதம் ஆனபோது, புதுக் கம்ப்யூட்டர் மாட்ட அங்கே போனேன். மூன்றாம் கட்டிலில் பெரியவர் படுத்திருந்தார். மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. அருகில் போய், அன்றைக்குக் கால் இழுத்தது அவர் தண்ணீர் குடித்ததால் அல்ல, என் கவனக்குறைவால் பழைய கணக்கு வந்துவிட்டது என்று சொன்னேன். திட்டுவார் என்று தயாராக இருந்தேன். அவர் தலையை என் பக்கம் திருப்பினார்.

"நான் குடிக்கலன்னு அன்னிக்கே சொன்னேனா இல்லியா?"

"சொன்னீங்க ஐயா."

"ஒருத்தரும் நம்பல. வூட்ல ரெண்டு மாசமா திருடனைப் பாக்குற மாதிரி பாக்குறாங்க. வாய் கொப்புளிக்கப் போனாகூட பின்னாடியே வர்றா." ஊசி குத்தாத கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "எங்கிட்ட சொல்லி இன்னா பண்றது தம்பி. வூட்டுக்கு வந்து அவகிட்ட சொல்லு."

சாயந்திரம் அவரைப் பைக்கில் பின்னால் உட்காரவைத்துக் கிளம்பினேன். சிஸ்டர் தன் ஸ்கூட்டியை எடுத்தார். "நீங்க எதுக்கு?" என்றேன். "திட்டுனது நான்தானே" என்றார். கரியமாணிக்கத்தில் கரும்புக் கொல்லையை ஒட்டிய ஓட்டு வீடு. அந்த அம்மாள் வாசலில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தார். நின்றபடியே சொன்னேன். கம்ப்யூட்டர், நகல், டிக் எதுவும் அவருக்குப் புரிந்திருக்காது. நான் திணறுவதைப் பார்த்து சிஸ்டர் குறுக்கிட்டார்: "அம்மா, அன்னிக்கு அவரு தண்ணி ஜாஸ்தி குடிக்கல. நாங்கதான் தப்பா எடுத்துட்டோம். அவரு மேல தப்பே இல்ல."

அம்மாள் முறத்தைக் கீழே வைத்தார். "குடிக்கலியா?"

"இல்லம்மா."

"தண்ணிக் கொடத்துக்குப் பூட்டுதான் போடல நான்" என்றார், யாரிடம் என்றில்லாமல். பெரியவர் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். கேட்டியா என்றுகூடக் கேட்கவில்லை. அம்மாள் அவரைப் பார்த்தார். பிறகு சிஸ்டரிடம் திரும்பி, "காலையிலேர்ந்து ரெண்டு டம்ளர்தான் குடுத்திருக்கேன். இன்னும் குடுக்கலாமாம்மா?" என்று கேட்டார்.

"ஒண்ணு குடுக்கலாம்" என்றார் சிஸ்டர்.

அம்மாள் உள்ளே போய் ஒரு டம்ளர் மொண்டுவந்து அவர் கையில் கொடுத்தார். இருட்ட இன்னும் நேரம் இருந்தது. பெரியவர் அவசரமே படாமல், ஒவ்வொரு மடக்காக, நாங்கள் மூன்று பேரும் பார்த்துக்கொண்டிருக்க, அந்தத் தண்ணீரைக் குடித்து முடித்தார்.