சரிவு பார்த்து வண்டி நிறுத்தியவர்

செவ்வாய்க்கிழமை இரண்டாம் பாடவேளையில் தலைமையாசிரியர் என் வகுப்பு வாசலுக்கே வந்து சொன்னார்: "ஜெசிந்தா டீச்சர் போயிட்டாங்க." பாடத்தை முடித்துவிட்டுத்தான் வெளியே வந்தேன். பாதியில் நிறுத்தியிருந்தால் அவருக்குப் பிடித்திருக்காது.

ஊட்டியில் எங்கள் பள்ளியில் கணக்கு ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். மணம் செய்துகொள்ளவில்லை. மலைக்கிராமமான பிக்கட்டியில் தனி வீடு. அவரை அறியாதவர்களும் அவருடைய வெளிர்நீலப் பழைய காரை அறிவார்கள். எங்கே நின்றாலும் மூக்கைக் கீழ்நோக்கி வைத்து, முன்சக்கரத்துக்கு ஒரு கல் அண்டை கொடுத்து நிற்கும்.

காரணம் ஸ்டார்ட்டர் மோட்டார். அதற்கு உதிரிபாகம் வருவது எப்போதோ நின்றுவிட்டது. கோவைக்கு அனுப்பிச் சரிசெய்து வாங்கினால் ஒரு மழைக்காலம் தாங்கும். அடுத்த பனிக்குப் படுத்துவிடும். அவருடைய சம்பளத்தில் பாதி இப்படித்தான் மலையிறங்கியது. கடைசியில் சாவியை நம்புவதை விட்டு மலையை நம்பினார். சரிவில் உருட்டி, இரண்டாம் கியரில் கிளட்சை விட்டால் எஞ்சின் பிடித்துக்கொள்ளும். மளிகைக் கடையைக்கூட வாசலில் இறக்கம் இருக்கிறதா என்று பார்த்தே தேர்ந்தெடுத்தார். "கைராசியான பல் டாக்டருங்க. ஆனா சமதளத்துல இருக்கார்," என்று ஒருவரை ஒதுக்கியது நினைவிருக்கிறது.

ஒருமுறை விடைத்தாள் திருத்த இருவரும் அந்தக் காரில் கோவைக்குப் போனோம். மலையில் பழகியவர்கள் மட்டுமே செய்யக்கூடிய தவறு அது. மாலையில் வெளியே வந்து மைதானத்தை நாலாபுறமும் பார்த்தார்.

"ஏனுங்க டீச்சர், இந்த ஊர்ல எறக்கமே இல்லீங்களா?" என்று என்னிடம் கேட்டார்.

விடைத்தாள் திருத்த வந்திருந்த மற்ற ஆசிரியர்கள் வியர்க்க வியர்க்கத் தள்ளினார்கள். "கணக்கு டீச்சர் இதைக் கணக்குல சேக்கலீங்களா?" என்றார் ஒருவர். "பேசாம தள்ளுங்க சார், மார்க்கு போடறேன்," என்றார் ஜெசிந்தா டீச்சர்.

திரும்பும் வழியில் நான் கேட்டுவிட்டேன்: "யார்கிட்டயும் போய் நிக்கக் கூடாதுன்னு வெச்சிருக்கற காரை ஊரே தள்ளுதுங்களே. வித்துடலாமில்ல?"

கொண்டை ஊசி வளைவில் அவர் ஸ்டீயரிங்கை ஒடித்துத் திருப்பினார். பிறகு சொன்னார்: "தள்ளுங்கன்னா தள்ளிடுவாங்க. கூட்டிட்டுப் போங்கன்னா யோசிப்பாங்க. இது வர்றதுக்கு முன்னாடி, தம்பிக்கு நேரமிருந்தாத்தான் எனக்குக் கல்யாண வீடு, சாவு வீடு எல்லாம். தெரியுங்களா?"

நான் எதையும் எளிதில் ஒப்புக்கொள்பவள் அல்ல. அதை மட்டும் அப்போதே ஒப்புக்கொண்டேன்.

அடக்கத்தன்று பிக்கட்டியில் மழை தூறிக்கொண்டிருந்தது. கார் வழக்கமான இடத்தில் கல்லோடு நின்றது. "பழைய இரும்புக்குப் போட ஆள் சொல்லிட்டேனுங்க, நாளைக்கு வருவான்," என்றார் தம்பி அந்தோணி. சவப்பெட்டியோடு வேன் நிறைந்துவிட்டது. ஞாயிறுதோறும் டீச்சரின் காரிலேயே கோயிலுக்குப் போய்வந்த பக்கத்து வீட்டுப் பெண்கள் மூவர் குடையுடன் நின்றிருந்தார்கள்.

"தம்பி, நாங்க எப்புடி வர்றது?" என்று கேட்டார் அவர்களில் மூத்தவரான மரியம்மா.

"வேன்ல எடமில்லீங்களே, யோசிக்கலாம்," என்றார் அந்தோணி.

'யோசிக்கலாம்' என்ற அந்தச் சொல்லைக் கேட்டதும் நான் அவரிடம் கார் சாவியைக் கேட்டு வாங்கினேன்.

மூவரும் ஏறிக்கொண்டார்கள். கல்லை எடுத்து உள்ளே வைத்தேன். கைப்பிரேக்கை விட்டதும் கார் ஓசையின்றி உருண்டது. முதல் முறை கிளட்சை விட்டபோது குலுங்கியதோடு சரி. "டீச்சர் இன்னும் கொஞ்சம் உருளவுட்டுத்தான் வுடுவாங்க," என்றார் பின்னாலிருந்து மரியம்மா. இன்னும் கொஞ்சம் உருள விட்டேன். தேயிலைத் தோட்டத்து வளைவில் எஞ்சின் பிடித்துக்கொண்டது.

கல்லறைத் தோட்ட வாசலில் அந்தோணி வியப்போடு பார்த்தார். "ஓடுதுங்களா?"

"ஓடுதுங்க. இரும்புக்காரரை வர வேண்டாம்னு சொல்லிடுங்க. நான் எடுத்துக்கறேன்."

அவர் அக்காவின் பெட்டியைப் பார்த்தார். பிறகு தலையசைத்தார்.

விடைபெறுகிறேன், ஜெசிந்தா டீச்சர். உங்கள் அடக்கத்துக்கு நாங்கள் நால்வரும் உங்கள் காரிலேயே வந்து சேர்ந்தோம். மூக்கைக் கீழ்நோக்கித்தான் நிறுத்தியிருக்கிறேன். கல்லும் வைத்துவிட்டேன்.