நாலு விரல் கதவு

அலுவலகத்தில் அவருக்கு 'டேப்பு' என்று பெயர். பேனா இல்லாமல்கூட வேலைக்கு வருவார், அளவு டேப் இல்லாமல் வரமாட்டார். யார் வீட்டுக்குப் போனாலும், உட்காரச் சொல்வதற்குள் சோபாவை அளந்துவிடுவார். "எங்க வீட்டுக்காரருக்கு ஊரெல்லாம் சின்ன வீடு" என்று அவர் மனைவி சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். அவர் தொழிலே அதுதான். நகரத்தின் நடுவில், இருநூறு சதுர அடிக்குள் மனிதர்கள் மூச்சு முட்டாமல் வாழ வீடு வரைவது.

படித்து வந்த தொழில் என்பதைவிடப் பட்டு வந்த தொழில் என்பதே சரி. சின்ன வயதில் ஒரே அறையில் ஐந்து பேர். தம்பி தரையில் தாளை விரித்து வரைய வேண்டுமென்று, அக்கா தன் பாயைச் சுருட்டிக்கொண்டு கதவோரம் உட்கார்ந்தபடியே தூங்குவாள். "ஒருநாள் உனக்குக் கால் நீட்டிப் படுக்க இடம் கட்டித் தர்றேன்கா" என்று அன்றைக்குச் சொன்னவர், சொன்னதைச் செய்தும் காட்டினார். அவர் வரைந்த அறுபது வீட்டுக் கட்டடம் எழும்பியதும், கணவனை இழந்து தனியாக இருந்த அக்காவை ஒன்பதாவது மாடியில் குடிவைத்தார்.

அந்த வீடுகளைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் மனிதருக்கு வாய் ஓயாது. வெயிலை வெளியே நிறுத்தும் இரட்டைக் கண்ணாடி. திறக்கவே வேண்டியிராத ஜன்னல். கை கழுவிய தண்ணீரே கழிப்பறைத் தொட்டிக்குப் போய்விடும். தீப்பிடித்தால் ஒரு மணி நேரம் தாங்கும் கனத்த கதவு. பகலில் கட்டில் சுவரோடு மடிந்து நிற்கும், இறக்கினால் வீடே படுக்கையறை. அதனால் ஒவ்வொரு வீட்டுக்கும் இரண்டு படம் வரைவார். கட்டில் மேலே இருக்கும் பகல் படம் ஒன்று, கட்டில் இறங்கிய இரவுப் படம் ஒன்று. வேறு யாருக்கும் இல்லாத முறை என்று அவருக்குப் பெருமை. வினையும் அதில்தான் புகுந்தது.

அக்காவுக்கு ஒரு அறுவை சிகிச்சை நடந்தது. பகலிலும் படுத்தே இருக்கச் சொல்லியிருந்தார்கள். பார்க்கப் போனவர் மணியை அடித்தார். கதவு உள்பக்கமாக நாலு விரல் அளவு திறந்து, டக்கென்று எதிலோ இடித்து நின்றது.

"வந்துட்டியாடா? நாப்பது எண்ணு, கதவு தொறக்கும்" என்றாள் அக்கா, இடுக்கு வழியாக.

"என்னக்கா ஆச்சு?"

"ஒண்ணுமில்ல. கட்டில் இறங்கியிருந்தா கதவு இடிக்கும். தூக்கி மாட்டிட்டுத்தான் தொறக்கணும். இங்க எல்லா வீட்டுலயும் அப்படித்தான், பழகிப்போச்சு."

உள்ளே அவள் மூச்சு வாங்கக் கட்டிலைத் தூக்குவது கேட்டது. எண்ணாமல் இருக்க அவரால் முடியவில்லை. எழுபத்திரண்டில் கதவு திறந்தது.

"ஏன்கா என்கிட்ட சொல்லல?"

"நீ பாத்துப் பாத்துக் கட்டினது. அதைப் போய்க் குறை சொல்லுவேனா?"

அலுவலகத்துக்கு ஓடிவந்து இரண்டு படங்களையும் அருகருகே வைத்துப் பார்த்தார். முதலில் வரைந்தபோது கதவு வெளிப்பக்கம் திறந்தது. நடைவழி குறுகுகிறது என்று அனுமதி தரும் அலுவலகம் படத்தைத் திருப்பி அனுப்பியது. அவசரத்தில் கதவை உள்பக்கம் திருப்பினார், பகல் படத்தில் மட்டும். இரவுப் படத்தில் கதவு இன்னும் வெளியேதான் திறந்துகொண்டிருந்தது. கட்டியவர்கள் கதவைப் பகல் படத்தைப் பார்த்து மாட்டினார்கள், கட்டிலை இரவுப் படத்தைப் பார்த்து மாட்டினார்கள். அறுபது வீட்டிலும் ஒரே வாசல், அந்த வாசலுக்குக் குறுக்கே கட்டில்.

முதலாளி படங்களைப் பார்த்துவிட்டு, "யாராவது புகார் குடுத்தாங்களா?" என்றார்.

"இல்ல சார். ஆனா தீ கீ புடிச்சா..."

"வாயைக் கழுவுங்க. அடுத்த கட்டடத்துல சரி பண்ணிக்கலாம். இப்பக் கிளறினா முதல்ல சந்திக்கு வர்றது உங்க கையெழுத்துதான்."

இவர் பயந்துவிட்டார், அவ்வளவுதான். அக்கா வீட்டையாவது சரிசெய்வோம் என்று தச்சரைக் கூப்பிட்டார்.

"ஒரு வீட்டுக்கு மட்டுமா சார்? பக்கத்து வீட்டுக்காரங்க ஏன்னு கேட்டா என்ன சொல்றது?" என்றார் தச்சர்.

"அடுத்த வாரம் சொல்றேன்" என்றார் இவர். மூன்று வாரம் அதையே சொன்னார். இடையில் தினமும் அக்காவுக்குப் போன் செய்து, கட்டிலை இறக்காதே என்று கெஞ்சினார்.

"அப்ப நான் எங்கடா படுக்கறது? பழையபடி கதவோரம் உக்காந்துக்கவா?" என்று அவள் சிரித்தாள்.

நாலாவது வாரம் ஒரு காலை, பதினோரு மணிக்கு அக்காவின் அழைப்பு வந்தது. "மூச்சு விட முடியலடா, வா" என்றாள். ஆம்புலன்ஸுக்குச் சொல்லிவிட்டு ஓடினார். அலுவலகம் பக்கத்துத் தெருவில் இருந்ததால் இவர்தான் முதலில் போய்ச் சேர்ந்தார். தன்னிடமிருந்த சாவியால் பூட்டைத் திறந்தார். கதவு நாலு விரல் திறந்து நின்றது.

தோளால் இடித்தார். தீக்கே ஒரு மணி நேரம் தாங்கும் கதவு, இவருக்கா அசையும்? கட்டில் சுவரோடு திருகாணியால் முடுக்கப்பட்டது, அதன்மேல் அக்கா. தச்சருக்குப் போன் செய்தார். வர அரை மணி ஆகும் என்றார் அவர். சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு இடுக்கில் கையை விட்டார். முழங்கைக்கு மேல் போகவில்லை. உள்ளிருந்து சில்லென்ற விரல்கள் அவர் கையைப் பற்றின.

"அக்கா, கொஞ்சம் இறங்க முடியுமா?"

"தூக்கிடறேன்டா... நீ நாப்பது எண்ணு."

சத்தமாக எண்ண ஆரம்பித்தார். நடுநடுவே, "யாராவது வாங்க!" என்று அலறினார். வலப்பக்கத்து வீட்டில் இரவு வேலை முடிந்து தூங்கிக்கொண்டிருந்தவர் உள்ளிருந்தே குரல் கொடுத்தார். "இருங்க சார், கட்டிலைத் தூக்கிட்டு வர்றேன்!" எதிர்வீட்டில், கைக்குழந்தையோடு படுத்திருந்த பெண்ணும் அதையே சொன்னாள். இரண்டு சுவர்களுக்குப் பின்னாலும் கட்டில்கள் முனகிக்கொண்டு மேலே ஏறின.

நாற்பது தாண்டியது. ஐம்பத்தெட்டில் அக்காவின் விரல்கள் பிடியை விட்டன. அவர் கையை எடுக்கவில்லை, எண்ணுவதையும் நிறுத்தவில்லை. அறுபத்து மூன்றில் எதிர்வீட்டுக் கதவு திறந்தது.