சாட்சி சொன்ன கீரை

பக்கத்து வீட்டு ஞானபாய் அக்காவைக் குழித்துறையிலும் சுற்றுவட்டாரத்திலும் கீரைக்கார அக்கா என்பார்கள். அவள் கீரை விற்பவள் இல்லை. அடுப்பே பற்றவைக்காமல், பச்சைக் கீரையைத் தின்றே சர்க்கரை வியாதியை விரட்டியவள் என்று பெயர். அந்தப் பெயரைச் சுமந்துகொண்டு அவள் பட்ட பாட்டை மதிலுக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தவள் நான். பாதி நாள் எனக்குச் சிரிப்பு வரும், பாதி நாள் எரிச்சல் வரும்.

அதற்கு முன்பு அவள் வீட்டு அடுப்பு சும்மா கிடந்ததே இல்லை. சாளை மீனை வெட்டிக் கழுவி, தேங்காய் மைய அரைத்து அவள் புளிமுளம் வைத்தாளென்றால், எங்கள் வீட்டில் அன்றைக்கு என் குழம்பை யாரும் சீண்ட மாட்டார்கள். கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு நானே வெட்கமில்லாமல் அங்கே போய் நிற்பேன்.

சர்க்கரை ஏறிவிட்டது என்று டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்த சமயத்தில்தான் எங்கள் சபையின் பெண்கள் ஐக்கியச் செயலாளர் ரெஜிலா அவளை மார்த்தாண்டத்தில் நடந்த ஒரு இயற்கை உணவு முகாமுக்கு அழைத்துப் போனாள். சமைக்காத உணவு, முக்கியமாகக் கீரை. ஞானபாய் எதையும் அரைகுறையாகச் செய்யமாட்டாள். மறுநாளே சீனி போட்ட சாயா நின்றது, ராத்திரிப் பரோட்டா நின்றது. கிண்ணம் நிறையப் பச்சை. கொஞ்ச நாளில் சர்க்கரை இறங்கியது. மாத்திரையையும் அவள் விடாமல் போட்டுக்கொண்டுதான் இருந்தாள்.

அடுத்த ஐக்கியக் கூட்டத்தில் அவளைச் சாட்சி சொல்லக் கூப்பிட்டார்கள். எங்கள் சபையில் சாட்சி என்றால் சும்மா பேச்சு இல்லை. கர்த்தர் எனக்கு இன்னது செய்தார் என்று எல்லார் முன்னாலும் எழுந்து நின்று சொல்வது. சொன்ன சொல்லைத் திரும்ப எடுக்க முடியாது. நிச்சயம் செய்த கல்யாணம் முறிந்தால்கூட ஊர் மறந்துவிடும், சாட்சி சொன்னவள் மாறினால் மறக்காது. ஞானபாய் எழுந்து, "அடுப்பு காணாத கீரையக் கொண்டு கர்த்தர் எனக்கு சொகம் தந்தாரு" என்றாள். பெண்கள் "ஸ்தோத்திரம்" என்று உருகினார்கள். நடுவில் மாத்திரையை நுழைத்தால் சாட்சியின் அழகு கெட்டுவிடும் என்று அவளுக்குத் தோன்றியதாம். அதனால் மாத்திரையைச் சொல்லவில்லை. ரெஜிலா போனில் அதைப் படம் பிடித்துக்கொண்டிருந்தாள். ராத்திரிக்குள் அது மஸ்கட் வரைக்கும் போய்விட்டது.

மறுநாள் விடிந்ததும் அவள் வாசலில் பெண்கள். எந்தக் கீரை, எப்போது, எவ்வளவு? ஞானபாயும் சளைக்காமல் சொன்னாள்.

"எல்லாக் கீரையும் பச்சையாத் தின்ன ஆகாது, கேட்டியளா? தண்டுக்கீரைன்னா பூ வைக்கதுக்கு முன்ன பறிக்கணும். முருங்கையில கொழுந்து மட்டும். வல்லாரை நல்லதாக்கும், ஆனா ஓடைக்கரையில கெடக்கியதப் பறிச்சுப் பச்சையாத் தின்னப்பிடாது. சந்தையில ஓட்டை விழுந்த எலையப் பாத்து எடு. பூச்சியே தொடாத எலைய நாம எதுக்குத் தின்னணும்? உப்புத் தண்ணியில முக்கி வச்சுட்டுக் கழுவு. ஒரே கீரைய நித்தமும் தின்னாத."

மஸ்கட்டிலிருந்து ஒருத்தி போன் பண்ணி, மரச்சீனி, அதுதான் மரவள்ளி, அதன் இலையில் சத்து அதிகமாமே, பச்சையாகத் தின்னலாமா என்று கேட்டாள். "ஆடு தின்னா ஆடே சாகும், நீ திங்கப் போறியா?" என்று ஞானபாய் போட்ட சத்தம் எங்கள் வீட்டு அடுக்களை வரை கேட்டது. சேம்பு இலையைப் பச்சையாக மென்று தொண்டை அரித்துக்கொண்டு வந்து நின்ற ஒருத்தியையும் அவள்தான் பார்த்துக்கொண்டாள்.

இதெல்லாம் முதலில் அவளுக்குப் பெருமையாகத்தான் இருந்தது. பெருமை அடங்கிய பிறகுதான் பசி தெரிந்தது. வயிற்றுப் பசி இல்லை. ஆவி பறக்கிற ஒன்றை ஊதி ஊதிக் குடிக்க வேண்டும் என்கிற பசி. டாக்டரே அவளிடம், கீரை நல்லதுதான், கூட அளவாகச் சோறும் மீனும் சாப்பிடுங்கள், மாத்திரையை மட்டும் விடாதீர்கள் என்று சொல்லியிருந்தார். டாக்டர் விட்டாலும் ஊர் விடவில்லை. கல்யாண வீட்டுப் பந்தியில் அவள் உட்கார்ந்தால், பரிமாற வருகிறவர் சோற்று வாளியோடு அவளைத் தாண்டிப் போவார். "அக்காவுக்கு வெள்ளரிக்கா கொண்டு வா!" என்று யாராவது கூவுவார்கள். அவியல் வாளி அவள் மூக்குக்கு நேராகப் போகும். மீன்காரன் ஷாஜன் எல்லா வீட்டு முன்னாலும் ஹாரன் அடிப்பான். அவள் வீடு வந்தால் மட்டும் மரியாதையாக வண்டியை மெதுவாக ஓட்டிக்கொண்டு போய்விடுவான்.

கணவர் செல்வதாஸ், பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அவருக்கு இந்த இயற்கை வாழ்வு நன்றாகவே ஒத்துப்போனது. காலையில் ஜங்ஷன் கடையில் புட்டும் கடலையும், மத்தியானம் மீன் சாப்பாடு. ஒரு கவலையும் இல்லாமல் உடம்பு பெருத்துக்கொண்டு வந்தார்.

வீட்டில் அடுப்பு மூட்டினால் வாசனையே தெருவுக்குச் சொல்லிவிடும். ஒரு நாள் அவள் பொறுக்க முடியாமல் பஸ் ஏறிக் கோட்டாறு போய்விட்டாள். அங்கே யாருக்குத் தெரியப் போகிறது? சந்துக்குள் ஒரு சின்ன ஹோட்டலில் உட்கார்ந்து, சோறும் மீன் குழம்பும் சொன்னாள். கல்லாவில் இருந்த பெண் உற்றுப் பார்த்தாள்.

"அக்கா, நீங்க அந்த வீடியோவுல வந்தவங்கதானே? எனக்க அம்மா நீங்க சொன்னதக் கேட்டுத்தான் கீரை தின்னுது."

இலையில் விழுந்த சோற்றையும் அவளையும் பார்த்தபடி அந்தப் பெண் நின்றாள். ஞானபாய் எழுந்துவிட்டாள். "எனக்கில்ல மோளே, வீட்டுக்காரருக்காக்கும். பார்சல் கட்டு" என்றாள். பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு, சூடு தொடையில் ஏற ஏற, பஸ்ஸில் ஊர் வந்தாள். வந்த நேரம் செல்வதாஸ் வீட்டில் இருந்தார். "எனக்கா வாங்கினே?" என்று பிரித்து, அவள் எதிரிலேயே உட்கார்ந்து முழுவதையும் சாப்பிட்டார். கை கழுவிவிட்டு, உப்பு கொஞ்சம் கூடுதல் என்று வேறு சொன்னார். அன்றைக்கு அவள் மதில் பக்கம் வந்து அழுதாள். சோற்றுக்காக ஒரு பெரிய மனுஷி அழுவதை நான் அன்றுதான் பார்த்தேன்.

"நாலு பேருகிட்ட சொல்லிப்போடு அக்கா, தீந்துது" என்றேன்.

"எப்பிடிட்டி சொல்லுவேன்? கர்த்தருக்க பேரச் சொல்லியில்லா சொன்னேன்."

இந்த அளவில் நின்றிருந்தால் சிரித்துவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் சொர்ணம்மாள் இருந்தாளே.

சொர்ணம்மாள் எங்கள் தெருக் கடைசியில் தனியாக இருப்பவள். அண்டியாபீஸில் முந்திரிப்பருப்பு உடைத்துக் கை கறுத்தவள். அவளுக்கும் சர்க்கரை. சாட்சி கேட்ட மறுநாளிலிருந்து காலையில் கிண்ணத்தோடு ஞானபாய் வீட்டுக்கு வருவாள். இருவரும் அடுக்களைத் தரையில் எதிரெதிரே உட்கார்ந்து கீரை ஆய்வார்கள், தின்பார்கள். ஒருநாள் ஞானபாய் அவள் கால் பெருவிரலில் துணிக்கட்டைப் பார்த்தாள். அவிழ்க்கச் சொன்னாள். புண் கறுத்து, ஓரம் வெளுத்து இருந்தது.

"எத்தன நாளா இருக்கு இது? மாத்திரை போடுதியா இல்லியா?"

சொர்ணம்மாள் ஆச்சரியமாக அவளைப் பார்த்தாள். "மாத்திரையா? நீ சாட்சி சொன்ன அன்னைக்கே நிறுத்திட்டேனே. நீயும் நிறுத்திட்டுத்தானே சொன்ன?"

ஞானபாயின் மாத்திரை டப்பா அவள் முதுகுக்குப் பின்னால், சாமான் அலமாரியில், காலி மல்லிப்பொடி டின்னுக்குள் இருந்தது. அவள் வாயைத் திறந்தாள். "ஆஸ்பத்திரிக்குப் போய்க் காட்டு" என்று மட்டும் சொன்னாள். "விசுவாசம் இருந்தா ஆறிரும்" என்று சொர்ணம்மாள் முருங்கைக் கொழுந்தை வாயில் போட்டு மென்றாள். எனக்கு இதைக் கேட்டபோது வந்த கோபம் இன்னும் அடங்கவில்லை. ஆனால் யார்மேல் கோபப்படுவது? கீரை என்ன பாவம் செய்தது?

அந்த வாரம் வீட்டு ஜெபக்கூட்டம் ஞானபாய் வீட்டில். முறைப்படி கூட்டம் யார் வீட்டிலோ, அந்த வீட்டில் சாயாவும் பலகாரமும் இருக்கும். அவள் வீட்டில் கீரைதான் என்று எல்லோரும் மதியமே நன்றாகச் சாப்பிட்டுவிட்டு வந்திருந்தார்கள். நானும்தான்.

பாட்டு முடிந்து ஜெபம் தொடங்கிய நேரத்தில் அடுக்களையிலிருந்து ஒரு வாசனை வந்தது. சம்பா அரிசிக் கஞ்சி வேகிற வாசனை. பின்னாலேயே சாளைப் புளிமுளம். மூடியிருந்த கண்கள் ஒவ்வொன்றாகத் திறந்தன. ரெஜிலா என்னைப் பார்த்தாள், நான் விட்டத்தைப் பார்த்தேன். ஆமென் சொன்னதும் ஞானபாய் எழுந்து நின்றாள். கையில் அந்த மல்லிப்பொடி டின்.

"நான் ஒரு சாட்சி சொல்லணும்" என்றாள். "நான் கீரை தின்னது நெசம். சர்க்கரை கொறஞ்சது நெசம். ஆனா மாத்திரைய ஒரு நாளும் விடல. அத ஒங்ககிட்ட மறச்சேன். இந்தா இருக்கு." டின்னைக் கவிழ்த்தாள். மாத்திரை அட்டைகள் பாயில் விழுந்தன. "எனக்கு சோறு வேணும். மீன் வேணும். டாக்டரே தின்னச் சொல்லியாச்சு, ஒங்கள நெனச்சுத்தான் தின்னாமக் கெடந்தேன். போதும்."

ரெஜிலாதான் மெல்ல, "அக்கா, சாட்சிய இப்பிடி மாத்திச் சொன்னா சனங்க என்ன நெனைக்கும்? வீடியோ எங்கெல்லாமோ போயாச்சு" என்றாள்.

"இதையும் வீடியோ எடு" என்றாள் ஞானபாய். பிறகு கூட்டத்தைத் தாண்டிப் போய், கதவோரம் கட்டுப்போட்ட காலை நீட்டி உட்கார்ந்திருந்த சொர்ணம்மாளின் முன்னால் மண்டியிட்டாள். "சொர்ணம்மா, ஒனக்க காலுக்கு நானாக்கும் காரணம். நாளைக்கு விடிஞ்ச ஒடன ஆஸ்பத்திரிக்குப் போறோம். என்னைய நாலு அடி அடிச்சாலும் சரி."

சொர்ணம்மாள் அடிக்கவில்லை.

"ஏட்டி, எனக்கு அந்தப் பச்சையக் கண்டாலே கொமட்டும்" என்றாள். "நீ ஒத்தைக்கு இருந்து தின்னியேன்னுதான் நானும் வந்து இருந்தேன்."

ஜாக்கெட்டுக்குள் இருந்த மணிபர்ஸை எடுத்தாள். மருந்துச் சீட்டோடு மடித்து வைத்த ஒரு மாத்திரை அட்டை அதில் இருந்தது. நிறுத்திய நாளிலிருந்து ஒன்றும் பிரிக்காமல், ஓரம் மட்டும் வியர்வையில் நைந்திருந்தது.

"எப்பவும் கூடவேதான் வச்சிருந்தேன். நீ ஒரு வார்த்த, மாத்திரையப் போடுன்னு சொல்லுவியான்னு பாத்தேன்."

ஞானபாய் அந்த அட்டையை வாங்கி, ஒரு மாத்திரையைப் பிரித்து அவள் கையில் வைத்தாள். நான்தான் உள்ளே போய்த் தண்ணீர் கொண்டுவந்தேன். வரும்போது அடுப்பில் வெந்துவிட்ட கஞ்சிப் பானையையும் இறக்கி வைத்தேன்.