ஆயில் ஊற்றாத கியர் பாக்ஸ்

கே.கே. நகரில் எங்கள் எதிர்வீட்டுப் பையன் ஒரு ஜீப் வாங்கியிருக்கிறான். காடுமேடெல்லாம் ஏறுமாம். இதுவரை அது ஏறிய மேடு எங்கள் தெருவின் வேகத்தடை மட்டும்தான். ஞாயிறுதோறும் ஷாம்பு போட்டுக் குளிப்பாட்டுகிறான். "கியரே போட வேண்டாம் அங்கிள், அதுவா மாத்திக்கும்" என்றான். நல்லது தம்பி, உனக்கு அந்த வேலையும் மிச்சம் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். நான் மட்டும் பெரிய ஒழுங்கா? கியர் என்றாலே எனக்குப் பெரியப்பா ஞாபகம் வரும்; கூடவே என் லட்சணமும் வரும்.

எழுபதுகளின் கடைசியில், பேரையூரில் பெரியப்பாவிடம் ஏலத்தில் எடுத்த பட்டாள ஜீப் ஒன்று இருந்தது. பருத்தி மூட்டையோடு கண்மாய்க் கரை ஏறும்போது கியர் தானாகக் கழன்றுவிடும். ஒருமுறை அப்படி நின்றதை அவருடைய மச்சினன் டிராக்டரில் கட்டி இழுத்துவிட்டார். இழுத்ததோடு விடாமல் சிரித்தும் வைத்தார். மறுவாரமே பெரியப்பா பழைய லாரி கியர் பாக்ஸ் ஒன்றை வாங்கிக்கொண்டு அவனியாபுரத்துக்குப் போனார்.

அங்கே செல்லையா அண்ணனின் ஒர்க்‌ஷாப். ஓலைக் கொட்டகை, ஒரு புளியமரம், அதன் கிளையில் எஞ்சினைத் தூக்கத் தொங்கும் செயின் பிளாக். பேரையூர்ப் பக்கத்து வண்டிகள்தான் அவருக்குச் சோறு. லாரியின் கியர் பெட்டி ஜீப்பின் பெட்டியைவிட நீளம். அண்ணன் தரைத்தகட்டை வெட்டினார். பின்சக்கரத்துக்குப் போகும் ஷாஃப்டைக் குட்டையாக்கினார். எஞ்சினோடு சேர்க்க லேத்தில் தடிமனாக ஒரு தகடு கடைந்தார். மூன்று வாரம் மல்லுக்கட்டினார். கடைசியில் கியர் கம்பி, ஓட்டுகிறவரின் தொடைக்கு நடுவில் வந்து நின்றது. "வேட்டிய மடிச்சுக் கட்டுனா சரியாப் போகும்" என்றார் பெரியப்பா.

நான் அப்போது மெக்கானிக்கல் டிப்ளமோ முடித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருந்தேன். மூன்று வாரமும் நிழலில் பெஞ்சு போட்டு உட்கார்ந்து, பல்சக்கரங்களின் தத்துவத்தை அண்ணனுக்கு விளக்கினேன். அவரும் வண்டிக்கு அடியில் படுத்தபடி "சரி தம்பி, சரி தம்பி" என்று கேட்டுக்கொண்டார். சொன்னால் நம்புங்கள், பெஞ்சில் உட்கார்ந்திருந்த அந்த முட்டாளை இன்றைக்குப் பார்த்தால் கன்னத்தில் ஒன்று வைப்பேன்.

வண்டி எடுக்கும் நாள் வெள்ளிக்கிழமை. பத்தரைக்கு ராகுகாலம். மாலை, சந்தனம், சக்கரத்துக்கு நாலு எலுமிச்சை, பூசணிக்காய் எல்லாம் வந்துவிட்டன. கியர் ஆயில் மட்டும் வரவில்லை. வாங்கப் போன ஆள் இன்னும் திரும்பவில்லை. கியர் ஆயிலுக்குக் கூமுட்டை வாடை; வந்தால் தெருமுனையிலேயே தெரியும். அன்றைக்குச் சாம்பிராணிதான் மணந்தது.

"ஆயில் ஊத்தாம நகட்டக் கூடாதுங்கய்யா. மண்ணெண்ணெயில கழுவுன பொட்டி. பல்லெல்லாம் போயிரும். ஒரு அரைமணி பொறுங்க" என்றார் அண்ணன்.

பெரியப்பா என் பக்கம் திரும்பினார். "டேய், நீதான படிச்சவன். போலாமா?"

பத்துப் பேர் என்னைப் பார்த்தார்கள். என் டிப்ளமோவை மதித்து ஒருவர் கேட்பது அதுதான் முதல்முறை.

"பூட்டுறப்ப தடவுன எண்ணெய் இருக்கும் பெரியப்பா. ஊரு வரைக்கும் தாங்கும்" என்றேன்.

எலுமிச்சை நசுங்கியது. திருமங்கலத்தில் கியர் ஆயில் விற்கும் இரண்டு பெட்ரோல் பங்குகளைத் தாண்டினோம். "ராகுகாலத்துல வண்டிய நிப்பாட்டுனா ஆகாது" என்றார் பெரியப்பா. இப்படிப்பட்ட மூளையும் என் படிப்பும் சேர்ந்தால் எம்புட்டுத் தூரம் போகும்? கல்லுப்பட்டிக்கு முன்னால் அடியில் அரவை மில் மாதிரி சத்தம். பிறகு கருகல் வாடை. அப்புறம் சக்கரம் இறுகி, வண்டி நடுரோட்டில் நின்றுவிட்டது. இழுக்க வந்தது அதே மச்சினனின் டிராக்டர்.

மறுநாள் பெரியப்பா ஒர்க்‌ஷாப் வாசலில் நின்று, வேலை தெரியாதவன் என்று தெருவே கேட்கக் கத்தினார். அண்ணன் குரலை உயர்த்தவில்லை. "தம்பிக்குத் தெரியும்யா. தம்பியக் கேளுங்க" என்றார். தம்பி புளியங்கிளையை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தான். அதற்கப்புறம் எங்கள் பக்கத்திலிருந்து ஒரு வண்டியும் அவரிடம் போகவில்லை. வெட்கங்கெட்ட வேலை. அன்று இரவு நன்றாகத் தூங்கினேன் என்பது அதைவிடக் கேவலம்.

போன மாதம் அவனியாபுரம் போயிருந்தேன். கொட்டகை இருந்த இடத்தில் மூன்று மாடிக் கட்டடம் நிற்கிறது. எதிர் டீக்கடைப் பெரியவரிடம், "இங்க செல்லையா அண்ணன்னு ஒர்க்‌ஷாப் வச்சிருந்தாரே?" என்று கேட்டேன்.

"அவரு பொழப்பில்லாம கடைய மூடிட்டுத் திருப்பூருக்குப் போனாரு. அங்கனயே செத்தும் போனாரு. ஒரு ஜீப்ப ஆயில் ஊத்தாம அனுப்பிக் கெடுத்தாரே, அவரத்தான கேக்குறீக?"

கையில் டீ ஆறிக்கொண்டிருந்தது.

"ஆமாண்ணே, அவருதான்" என்றேன்.