மதகடிக் குளிப்பு

எண்பதுகளின் தொடக்கத்தில், யாழ்ப்பாணத்தை விட்டு வந்து ஒட்டுசுட்டான் பக்கம் வயல் செய்தோம். கிணறு இன்னும் வெட்டவில்லை. குளத்திலிருந்து வருகிற வாய்க்காலில்தான் குளிப்பு, தோய்ப்பு எல்லாம்.

பயிருக்கு மருந்தடிக்கிற காலம் வந்தால் என் சின்ன மகளுக்கு உடம்பெல்லாம் சொறி கிளம்பிவிடும். வேப்பெண்ணெய் பூசினாலும் அடங்காது. நாங்கள் குளிக்கிற இடத்துக்கு மேலே, தண்ணீர் வருகிற பக்கம், மதகடியில் ஆம்பிளைகள் மருந்து மெசினைக் கழுவி ஊற்றுவார்கள். வயலிலிருந்து வாய்க்காலுக்கு இறங்க வசதியான இடம் அது ஒன்றுதான். என் வீட்டுக்காரரும் அங்கேதான் கழுவினார். சொல்லிப் பார்த்தேன்.

"ஓடுற தண்ணியில என்ன நிக்கப்போகுது?" என்றார்.

மற்றவர்களிடம் போய்ச் சொல்ல எனக்கு வாய் வராது. ஆம்பிளைகள் வந்தால் கதவுக்குப் பின்னால் நிற்கிற ஆள் நான். மலையகத்திலிருந்து வந்து குடியேறிய பக்கத்து வளவு அக்காவிடம் அழாக்குறையாகச் சொன்னேன். அவா சிரித்தா.

"இதுக்கு ஏன் தங்கச்சி அவங்ககிட்ட பேசணும்? நாம போயி மதகடியில குளிப்போம். பொம்பளைங்க குளிக்கிற எடத்துக்கு எந்த ஆம்பளை வருவான்?"

அடுத்த நாள் நாலைந்து பெண்கள் உடுப்பு மூட்டையோடு போனோம். மார்புக்கு மேலே கட்டிய குறுக்குக்கட்டோடு அந்த வெளியில் இறங்க எனக்கு உடம்பு கூசியது. மகளை நினைத்துக்கொண்டு கழுத்துவரை அமிழ்ந்து குந்திவிட்டேன்.

ஆம்பிளைகள் மெசினை முதுகில் சுமந்தபடி வந்தார்கள். எங்களைக் கண்டதும் அப்படியே திரும்பி, மருதமரத்துக்கு அந்தப்பக்கம் நின்று செருமினார்கள்.

"பிள்ளையள், இன்னும் முடியேல்லையோ?" என்று ஒருவர் கேட்டார்.

"இப்பதாங்க தலையே நனைச்சிருக்கோம்," என்றா அக்கா, தோய்த்த போர்வையை மறுபடி தண்ணீரில் போட்டபடி.

"அப்ப நாங்கள் மெசினை எங்க கழுவுறது?" அது என் வீட்டுக்காரரின் குரல்.

எல்லாருடைய முதுகும் எங்கள் பக்கம். ஒருவரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. அதனாலோ என்னவோ, சத்தம் தானாக வந்தது.

"வாளியில தண்ணி கொண்டுபோய் வயலுக்குள்ளயே கழுவுங்கோ! மருந்து நெல்லுக்குத்தானே வாங்கினது, பிள்ளையின்ர முதுகுக்கோ?"

மரத்தடியில் யாரோ சிரித்தார்.

"அண்ணை, உங்கட மனுசிக்குக் கதைக்கவும் தெரியுமோ?"

"எனக்கும் இண்டைக்குத்தான் தெரியும்," என்றார் இவர்.

அக்கா வாளியை நிரப்பிக் கரையில் வைத்தா. இவர்தான் முதலில் வந்து, குனிந்த தலையோடு தூக்கிக்கொண்டு போனார்.

அந்தப் போகம் முடியும்வரை முறை வைத்துக் குளித்தோம். மகளின் சொறி காய்ந்து உதிர்ந்தது. அடுத்த போகம் ஆம்பிளைகள் தாங்களாகவே வாளியோடு வயலுக்குப் போனார்கள். நாங்கள் மதகடியைக் காக்க வேண்டிய தேவை இருக்கவில்லை. ஆனாலும் விடவில்லை. அங்கே தண்ணீர் நல்ல ஆழம்.