முகம் வீங்கியதைச் சொல்ல ஆளில்லை

நீரிழிவு என்றதும் தேநீருக்குச் சீனி போடுவதை விட்டேன். பதிலுக்குப் பனங்கட்டி கடித்தேன். பனையில் வருவதெல்லாம் மருந்து என்று நம்பும் யாழ்ப்பாணத்தான் நான். மனைவி மக்கள் அங்கே. வயலோடு நான் கிளிநொச்சியில். காலையில் முகம் வீங்கியிருந்ததைச் சொல்ல வீட்டில் ஆளில்லை. கண்ணாடியைப் பார்த்து, கொழுத்து அழகும் வடிவுமாகிவிட்டேன் என்று மகிழ்ந்தேன்.

தேநீர்க்கடை முஸ்லிம் அண்ணர், நாங்கள் ‘நானா’ என்று கூப்பிடுபவர்தான் அதட்டினார்: “ஐயா, இது கொழுப்பில்லை, வீக்கம். டொக்டரிட்டப் போங்கோ!”

டொக்டர் என் சிறுநீரைக் காய்ச்சினார். முட்டை வெள்ளைபோல் திரண்டது. “சிறுநீரகத்தில வடிகட்டுற நுண்ணிய கலங்களைச் சீனி பழுதாக்கிப்போட்டுது. உடம்பில நிக்கவேண்டிய புரதம் ஒழுகுது. பனங்கட்டியும் சீனிதான் ஐசே! விட்டால் மிச்சத்தைக் காப்பாத்தலாம்.”

இப்போது இனிப்பே இல்லாத தேநீர், தினமும் நானா கடையில். குடிக்கமுன் முகத்தை நீட்டுவேன். அன்றைக்கு அதைப் பார்க்கப்போகும் ஒரே ஆள் அவர்தான்.

“வீக்கமில்லை ஐயா,” என்பார். “வடிவுமில்லை.”